சில்லுக்கும் தக்காளிக்கும் ஒரே சந்தை விதியா?

கைபேசிக் கடைகளில் சில மாதங்களாக ஒரே பதில்தான் கிடைக்கிறது: ‘மெமரி விலை ஏறிவிட்டது.’ சென்ற ஆண்டு வாங்கிய மாதிரியை அதே விலைக்கு இப்போது வாங்க முடியவில்லை. ஏன் என்று கேட்டால் வணிக நாளேடுகள் பொருளாதாரப் பாடநூலைப் பிரித்துக் காட்டுகின்றன. பொருள் குறைவு, கேட்பவர் அதிகம். ஆகவே விலை ஏறுகிறது. ஏறிய விலை கேட்பவரின் எண்ணிக்கையைக் குறைக்கும், உற்பத்தி செய்பவரை மேலும் உற்பத்தி செய்யத் தூண்டும். சிறிது காலத்தில் வழங்கலும் தேவையும் சமமாகிவிடும். யாரும் யாருக்கும் கட்டளையிட வேண்டியதில்லை. விலையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பது அவர்களது விளக்கம்.

இந்த விளக்கத்தை ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தின் ராமகுப்பம் மண்டலத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். தமிழகம், கர்நாடகம் ஆகிய இரு மாநில எல்லைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் குப்பம் சட்டமன்றத் தொகுதியின் நான்கு மண்டலங்களில் ராமகுப்பமும் ஒன்று. 1989 முதல் அத்தொகுதியின் உறுப்பினராக இருப்பவர், இன்றைய முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு. தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் இப்பகுதியின் வயல்களில் தக்காளியும் மல்பெரியும் காய்கறியும் விளைகின்றன. இங்குள்ள சிறு விவசாயி ஒரு சந்தையில் தக்காளியை விற்கிறார். மற்றொரு சந்தையில் கைபேசியை வாங்குகிறார். இரண்டிலும் விலை ஏறுகிறது, இறங்குகிறது. இரண்டிலும் இழப்பவர் அவரே. ‘சமநிலை’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அறிய இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம்.

முதலில் சில்லுகள். கணினிக்கும் கைபேசிக்கும் இன்றியமையாத டிரேம் வகை நினைவகச் சில்லுகளின் உலகச் சந்தையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மூன்று நிறுவனங்களின் கையில் இருக்கிறது: தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் பெருகத் தொடங்கியதும் இம்மூன்றும் தங்கள் ஆலைகளை அதிவேக நினைவகம் எனப்படும் எச்பிஎம் வகைக்குத் திருப்பின. எச்பிஎம் தயாரிக்க, அதே கொள்ளளவுள்ள சாதாரண நினைவகத்தைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் தகடு செலவாகும் என்பது மைக்ரானே வெளியிட்ட கணக்கு. எனவே தரவு மையத்துக்குப் போகும் ஒவ்வொரு பங்கும் கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் போக வேண்டிய மூன்று பங்கை விழுங்குகிறது. 2025 அக்டோபரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தனது ‘ஸ்டார்கேட்’ திட்டத்துக்காக மாதத்துக்கு 9 லட்சம் தகடுகள் என்ற இலக்குடன் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் இரண்டுடனும் விருப்பக் கடிதங்களில் கையெழுத்திட்டது. டிசம்பரில் மைக்ரான், ஏறத்தாழ 30 ஆண்டுகளாகச் சாதாரண நுகர்வோருக்கு விற்றுவந்த ‘குரூஷியல்’ வணிகத்தை மூடுவதாக அறிவித்தது. லாபம் மிகுந்த பெரிய வாடிக்கையாளர்களுக்கு வழங்கலை உறுதிசெய்யவே இந்த முடிவு என்று அந்நிறுவனம் மறைக்காமல் சொன்னது. சில மாதங்களுக்குள் கணினி நினைவகத்தின் சில்லறை விலை இருமடங்கைத் தாண்டியது.

இந்த விலையேற்றம் எல்லோர் மீதும் ஒரே அளவில் விழவில்லை. லட்ச ரூபாய்க் கைபேசியில் நினைவகத்தின் செலவு சிறு பங்கு. பத்தாயிரம் ரூபாய்க் கைபேசியில் அதுவே பெரும் பங்கு. 200 டாலருக்குக் குறைந்த கைபேசிகளுக்கான பாகங்களின் செலவு 2025இன் தொடக்கத்திலிருந்து 20 முதல் 30 விழுக்காடு வரை கூடிவிட்டதாகக் கவுன்டர்பாயின்ட் ஆய்வு நிறுவனம் அவ்வாண்டின் இறுதியில் கணக்கிட்டது. விலை உயர்ந்த கைபேசிகளில் கூடிய விகிதம் இதைவிடக் குறைவு. ‘விலை தேவையைக் குறைக்கிறது’ என்று பாடநூல் நாகரிகமாகச் சொல்வதன் நடைமுறைப் பொருள் இதுதான்: வரிசையில் கடைசியில் நிற்பவர் முதலில் வெளியேற்றப்படுகிறார். அவருடைய தேவை குறையவில்லை. தேவையைக் காசாக மாற்றும் வலிமைதான் அவரிடம் இல்லை. சந்தையின் கணக்கில் காசில்லாத தேவை தேவையே அல்ல.

பாடநூலின் இரண்டாம் பாதி, ஏறிய விலை வழங்கலைப் பெருக்கும் என்பது. உண்மை, ஆனால் எப்போது? புதிய சில்லு ஆலை கட்டி எழுப்பி, இயந்திரங்களை நிறுவி, பழுதில்லாத உற்பத்தியை எட்ட ஆண்டுகள் பிடிக்கும். செலவு பல்லாயிரம் கோடி ரூபாய். அதுவரை ஏறிய விலை எந்தப் புதிய சில்லையும் உருவாக்குவதில்லை. இருக்கும் சில்லு யாருக்கு என்பதை மட்டும் தீர்மானிக்கிறது.

2021இல் இது கண்கூடாகத் தெரிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் கார் நிறுவனங்கள் சில்லுக்கான ஆர்டர்களை ரத்துசெய்தன. சில்லு ஆலைகள் அந்த இடத்தை மடிக்கணினிக்கும் கைபேசிக்கும் ஒதுக்கிவிட்டன. கார் விற்பனை மீண்டபோது சில்லு இல்லை. அதற்குள் பிப்ரவரியில் டெக்சாஸ் கடுங்குளிரில் ஆலைகள் நின்றன. மார்ச்சில் ஜப்பானின் ரெனேசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீ விபத்து. சில டாலர் மதிப்புள்ள ஒரு சில்லுக்காகப் பல லட்ச ரூபாய் மதிப்புள்ள கார்கள் முடிக்கப்படாமல் நின்றன. கார் நிறுவனங்கள் எந்த விலையும் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தன. எந்த விலைக்கும் உடனே கிடைக்கவில்லை. இந்தியாவில் மாருதி சுசூகி, 2021 செப்டம்பரில் வழக்கமான உற்பத்தியில் ஏறத்தாழ 40 விழுக்காடுதான் சாத்தியம் என்று அறிவித்தது. ஆலை ஓடாத நாளுக்குக் கூலி பெறாத ஒப்பந்தத் தொழிலாளிக்குத்தான் அந்தச் ‘சமநிலை’யின் முதல் பில் வந்து சேர்ந்தது.

இனித் தக்காளி. 2023 ஜூலை இறுதியில் மதனப்பள்ளிச் சந்தையில் முதல் தரத் தக்காளி கிலோ 200 ரூபாயை நெருங்கியது. நாடெங்கும் செய்தி அதுதான். தோட்டத்துக்குக் காவல் போட்ட விவசாயிகளைப் பற்றியும் கோடீஸ்வரரான விவசாயிகளைப் பற்றியும் தொலைக்காட்சிகள் கதை கதையாகச் சொல்லின. இங்கே பாடநூல் சொன்னபடி எல்லாம் நடந்தது. நாற்று நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் காய்க்கும் பயிர் இது. விலையைக் கண்ட பல்லாயிரம் விவசாயிகள் கடன் வாங்கி நட்டார்கள். செப்டம்பரில் வரத்துப் பெருகியது; விலை சரிந்தது; பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் பழங்கள் சாலையோரம் கொட்டப்பட்டன. ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தைகளை அறிந்த தமிழக விவசாயத் தோழர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. சந்தை சமநிலையை அடைந்தது உண்மை. விவசாயியின் கடன் அந்தச் சமநிலையில் சேரவில்லை.

இதே வீழ்ச்சி சில்லுகளுக்கும் வந்ததுண்டு. பெருந்தொற்றுக் கால விற்பனை அடங்கியதும் 2022இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகள் தேங்கின, விலை பாதாளத்துக்குப் போனது. அப்போது என்ன நடந்தது? 2022 நவம்பரில் மைக்ரான் உற்பத்தியை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைத்தது. எஸ்கே ஹைனிக்ஸ் முதலீட்டைப் பாதியாக வெட்டியது. கடைசிவரை பிடிவாதமாக இருந்த சாம்சங்கும் 2023 ஏப்ரலில் உற்பத்திக் குறைப்பை அறிவித்தது. விலை மீண்டது. இன்று நிலவும் பற்றாக்குறையில் தரவு மையங்களின் பசிக்குப் பெரும் பங்கு உண்டு. விலையைக் காப்பாற்ற வேண்டுமென்றே ஒடுக்கப்பட்ட அந்த ஆண்டுகளின் முதலீட்டுக்கும் பங்கு உண்டு.

வழங்கலைக் குறைத்து விலையை ஏற்றும் ஆற்றல் மூன்று நிறுவனங்களுக்கு உண்டு, பல லட்சம் தக்காளி விவசாயிகளுக்கு இல்லை. பழுத்த தக்காளி மூன்று நாள் காத்திருக்காது. மண்டிக்காரரின் முன்பணமும் காத்திருக்காது. ராமகுப்பத்துக்காரர் வீ.கோட்டாவுக்கோ பலமனேருக்கோ பெட்டிகளை ஏற்றிச் சென்றபின் விலை கட்டுப்படியாகவில்லை என்று திருப்பி ஏற்றிவர முடியாது. ஒரே ‘விலைப் பொறியமைவு’ என்று பொருளாதார ஆசிரியர் கரும்பலகையில் வரையும் இரு கோடுகளுக்குப் பின்னால் இத்தனை வேறுபட்ட மனிதர்கள் நிற்கிறார்கள்.

அதே மாவட்டத்தின் மாம்பழம் மூன்றாவது பாடத்தையும் கற்றுத்தந்தது. 2025 கோடையில் சித்தூரின் தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழ் ஆலைகள் வாங்கத் தயங்கின, விலை தரைமட்டமானது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும், ஆக 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அந்த 8 ரூபாயைப் பல ஆலைகள் கொடுக்கவில்லை என்று விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். எல்லைக்கு இப்பால் கிருஷ்ணகிரி விவசாயிகளும் அதே ஆண்டு அதே பழத்துக்காக அதே துயரத்தை அனுபவித்தார்கள். விற்பவர் பலராகவும் வாங்குபவர் சிலராகவும் இருக்கும் இடத்தில் விலையை வாங்குபவரே எழுதுகிறார். வாங்குபவர் பலராகவும் விற்பவர் மூவராகவும் இருக்கும் இடத்தில் விற்பவர் எழுதுகிறார். விவசாயி முதல் சந்தையில் விற்பவர், இரண்டாம் சந்தையில் வாங்குபவர். எந்தச் சந்தையிலும் பேனா அவர் கையில் இல்லை.

மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொள்கிறார். வழங்கலும் தேவையும் சமமாகிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன; அதன்பின் விலை ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பதை அவற்றைக் கொண்டு விளக்க முடியாது என்பது அவரது வாதம். சமூகத் தேவை என்று அழைக்கப்படுவதே வர்க்கங்களுக்கு இடையிலான உறவாலும் அவற்றின் பொருளாதார நிலையாலும் வடிவம் பெறுகிறது என்றும் அவர் காட்டுகிறார். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் 9 லட்சம் தகடுகளும், ஊரக வேலைத் தளத்தில் வருகையைப் பதிவுசெய்ய ஒரு பெண்ணுக்குத் தேவைப்படும் ஒரு கைபேசியும் ஒரே ‘தேவை’ வளைகோட்டின் இரு புள்ளிகள் என்று சொல்வது கணிதத்தில் சரியாக இருக்கலாம். சமூகத்தைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

ஏகபோகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அவர்களுக்காக ஒரு வழக்கை நினைவுகூரலாம். 1990களின் இறுதியிலிருந்து 2002 வரை நினைவகச் சில்லு நிறுவனங்கள் இரகசியமாகக் கூடி விலை நிர்ணயித்ததை அமெரிக்க நீதித்துறை வெளிக்கொணர்ந்தது. சாம்சங் 30 கோடி டாலர், ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலர், இன்ஃபினியன் 16 கோடி டாலர் அபராதம் செலுத்தின. அதிகாரிகள் சிலர் சிறைக்கும் போனார்கள். 2010இல் ஐரோப்பிய ஆணையம் அதே குற்றத்துக்கு 33 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. மற்றவர்களைக் காட்டிக்கொடுத்ததால் மைக்ரான் தப்பியது. அன்று சந்தையில் இருந்த பல நிறுவனங்கள் இன்று மூன்றாகச் சுருங்கியிருக்கின்றன. இன்று அத்தகைய கூட்டு இருப்பதாக யாரும் நிறுவவில்லை. அது தேவைப்படவும் இல்லை. மூவர் மட்டுமே இருக்கும் அறையில் ஒருவர் கையைக் குறைத்தால் மற்ற இருவருக்கும் தெரியும். நான்காவதாக நுழைய முயலும் சீனாவின் சிஎக்ஸ்எம்டி நிறுவனமும் விலையின் அழைப்பைக் கேட்டு வந்ததல்ல, அரசு மூலதனத்தின் துணையோடு எழுந்தது. அதன் வழியில் அமெரிக்கா ஏற்றுமதித் தடைகளைப் போட்டுவைத்திருக்கிறது.

முதலாளித்துவ அரசுகளே சில்லு விஷயத்தில் விலையை நம்புவதில்லை என்பதுதான் வேடிக்கை. 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சில்லுச் சட்டம், நெருக்கடி ஏற்பட்டால் முதன்மைத் துறைகளுக்கான ஆர்டர்களை முன்னுரிமையுடன் நிறைவேற்றும்படி ஆலைகளுக்கு ஆணையிடவும், உறுப்பு நாடுகளுக்காகக் கூட்டாகக் கொள்முதல் செய்யவும் வழிசெய்கிறது. பெயரை மாற்றிச் சொன்னால் இது ரேஷன். அமெரிக்கா 2022இல் 5,200 கோடி டாலருக்கு மேல் பொதுப் பணத்தைச் சில்லுத் துறைக்கு ஒதுக்கியது. 2025 ஜனவரியில் பைடன் நிர்வாகம் கொண்டுவந்த விதி, உயர்திறன் செயலிகளை எந்த நாடு எத்தனை வாங்கலாம் என்று பட்டியலிட்டு இந்தியாவை இரண்டாம் வரிசையில் நிறுத்தியது. மே மாதம் டிரம்ப் நிர்வாகம் அதைக் கைவிட்டது; ஆகஸ்டில் என்விடியா சீனாவுக்கு விற்கும் ஒரு வகைச் செயலியின் வருவாயில் 15 விழுக்காட்டை அரசுக்குக் கட்ட வேண்டும் என்று பேரம் பேசியது. இந்தியாவிடம் பணம் இருந்தாலும் வாங்கலாமா கூடாதா என்பதை வாஷிங்டன் முடிவுசெய்யலாம் என்ற நிலையில், ‘சந்தை விலை’ என்ற சொல்லுக்கு மிச்சமிருக்கும் பொருள் சிறிது. என்விடியா 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் 13 ஆயிரம் கோடி டாலர் விற்பனையில் 7,200 கோடி டாலருக்கு மேல் நிகர லாபம் ஈட்டியது என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்கலாம். நூறு ரூபாய் விற்பனையில் 55 ரூபாய்க்கு மேல் லாபம் வைப்பது பற்றாக்குறையின் விலையா, ஆதிக்கத்தின் விலையா?

ஒன்றிய அரசும் எல்லா விலையையும் சந்தையிடம் விட்டுவைக்கவில்லை. 2023இல் தக்காளி ஏறியபோது என்ன செய்தது? இரண்டே வாரத்தில் கூட்டுறவு அமைப்புகள் மூலம் ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரத்தில் வாங்கி, ஜூலை 14 முதல் டெல்லியில் கிலோ 90 ரூபாய்க்கு விற்றது. பிறகு 80, 70, 50 என்று இறக்கியது. ஆகஸ்டில் நேபாளத்திலிருந்து இறக்குமதிக்கும் வழிவிட்டது. நகர நுகர்வோருக்காக விலையில் தலையிட்டதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. உழைக்கும் குடும்பங்களின் குழம்பும் அதில் அடக்கம். ஆனால் செப்டம்பரில் அதே தக்காளி சாலையில் கொட்டப்பட்டபோது அந்தச் சுறுசுறுப்பு எங்கே போனது? ஏறும்போது தலையிடும் கை, இறங்கும்போது சந்தையின் புனிதத்தைப் பேசுகிறது.

சில்லுகளிலும் அப்படியே. செயற்கை நுண்ணறிவு இயக்கத்துக்காக 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதன்கீழ் 38 ஆயிரம் உயர்திறன் செயலிகள், புத்தொழில் நிறுவனங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மணிக்கு 65 ரூபாய் என்ற மானியக் கட்டணத்தில் கிடைப்பதாக அரசு பெருமைப்படுகிறது. உள்நாட்டு ஆய்வுக்கு மலிவாகக் கணிப்புத்திறன் கிடைப்பது நல்லதே. பற்றாக்குறைப் பொருளை விலைக்கு விடாமல் பொதுநோக்கம் பார்த்துப் பகிர்ந்தளிக்க முடியும் என்பதை அரசே இதன்மூலம் ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் அங்கன்வாடி ஊழியருக்கும் ஊரக வேலைத் தளப் பொறுப்பாளருக்கும் மட்டும் அது ஏன் முடியாது?

இந்தக் கேள்வி வெறும் வாதத்துக்கானதல்ல. கைபேசியை இன்று ஏழை மக்களின் மீது திணித்திருப்பது சந்தை அல்ல, அரசு. 2023 ஜனவரி 1 முதல் ஊரக வேலைத் திட்டத்தில் செயலி வழி வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. பல இடங்களில் பணித்தளப் பொறுப்பாளர்கள் தம் சொந்தக் கைபேசியைத்தான் பயன்படுத்துகிறார்கள். காலையும் பிற்பகலும் படம் பதிவேறாவிட்டால் நாள் முழுதும் மண் வெட்டியவரின் கூலி போயிற்று. அங்கன்வாடியில் சத்துணவு வழங்க 2025 ஜூலை முதல் முகப்பதிவு கட்டாயம். கைபேசி இல்லாமல் உரிமை இல்லை என்று ஒரு கையால் விதியெழுதிவிட்டு, மறுகையால் அதே கைபேசி மீது 18 விழுக்காடு சரக்கு-சேவை வரியை வசூலிக்கிறது ஒன்றிய அரசு. 2020இல் 12லிருந்து 18ஆக ஏற்றப்பட்ட அந்த வரி, 2025 செப்டம்பரில் பல பொருள்களுக்கு விகிதம் குறைக்கப்பட்டபோதும் அசையவில்லை. விலை ஏறினால் வரியும் தானாக ஏறும். சாம்சங்கோடு சேர்ந்து கருவூலமும் பற்றாக்குறையில் லாபம் பார்க்கிறது.

ஆந்திர அங்கன்வாடி ஊழியர்கள் இதற்கு ஒரு பதிலைக் காட்டியிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் தொடங்கி 42 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, அத்தியாவசியப் பணிகள் சட்டத்தின் மிரட்டலையும் சந்தித்தவர்கள் அவர்கள். 2025இல், மந்தமாகி நின்றுபோன பழைய அரசுக் கைபேசிகளைத் திட்ட அலுவலகங்களில் கொண்டுபோய் ஒப்படைத்து, புதிய 5ஜி கருவி தராமல் செயலியில் பதிவுசெய்யச் சொல்லாதே என்று போராடினார்கள். அரசு இறங்கிவந்தது. அந்த ஊழியர்களின் தேவைக்கும் கருவிகளின் வழங்கலுக்கும் இடையே சமநிலையை ஏற்படுத்தியது விலை அல்ல, சங்கம்.

உற்பத்திப் பக்கத்தில் ஒன்றிய அரசின் கொள்கை என்ன? 2021 டிசம்பரில் 76 ஆயிரம் கோடி ரூபாயுடன் குறைகடத்தி இயக்கம் தொடங்கப்பட்டது. குஜராத்தின் சானந்தில் மைக்ரான் அமைக்கும் ஆலையின் மதிப்பு 275 கோடி டாலர். அதில் பாதியை ஒன்றிய அரசும் 20 விழுக்காட்டைக் குஜராத் அரசும் ஏற்கின்றன. மைக்ரான் போடுவது 82.5 கோடி டாலர். பத்தில் ஏழு பங்கு மக்கள் பணத்தில் எழும் ஆலை, சில்லைத் தொடக்கம் முதல் உருவாக்கும் ஆலைகூட அல்ல. வேறு நாட்டில் உருவான தகடுகளை வெட்டிப் பொருத்திச் சோதிக்கும் ஆலை. பொதுமக்கள் போட்ட 70 விழுக்காட்டுக்கு ஈடாக, பற்றாக்குறைக் காலத்தில் இவ்வளவு சில்லு இந்த விலையில் இந்நாட்டுக்கு என்ற பொறுப்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ஆந்திரத்திலும் இதே போக்குதான். விசாகப்பட்டினத்தில் டிசிஎஸ் நிறுவனத்துக்கு 21 ஏக்கருக்கு மேல் நிலம் 99 பைசாவுக்குக் கொடுக்கப்பட்டது. எந்த வழங்கலும் எந்தத் தேவையும் சந்தித்த புள்ளியில் அந்த 99 பைசா கிடைத்ததோ, பாடநூல்தான் சொல்ல வேண்டும். அதே நகரில் ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் செலவில் தரவு மையம் அமைக்கப்போவதாகக் கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்ததை முதலமைச்சர் கொண்டாடினார். அந்த மையத்தை நிரப்பப்போவது நினைவகச் சில்லுகள்தான். அவரது சொந்தத் தொகுதியின் ராமகுப்பத்தில் கைபேசி வாங்க வருபவர் அந்த மையத்தோடு போட்டியிட்டுத்தான் தன் சில்லை வாங்க வேண்டும்.

வேறு வழி இருந்ததில்லையா? இருந்தது. மொகாலியில் பொதுத்துறையின் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் 1980களின் முற்பகுதியிலேயே சில்லு உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. இன்று உலகை ஆட்டிவைக்கும் தைவானின் டிஎஸ்எம்சி பிறந்ததே 1987இல்தான். அதன் தொடக்க மூலதனத்தில் ஏறத்தாழ பாதி தைவான் அரசுடையது. 1989 பிப்ரவரி 7 அன்று மொகாலி ஆலை தீயில் அழிந்தது. ஆனால் அதை மீட்டெழுப்பி வளர்க்கத் தேவையான முதலீட்டைத் தொண்ணூறுகளின் தாராளமய அரசுகள் போடவில்லை என்பதுதான் பெரிய விபத்து. இறக்குமதி மலிவாக இருக்கும்போது நாமே ஏன் செய்ய வேண்டும் என்று அன்றைய விலை அறிவுரை சொன்னது. அன்றைய மலிவு விலைக்கு இன்று வட்டி கட்டப்படுகிறது. சிதைக்கப்பட்ட நிலையிலும் அந்த ஆலை விண்வெளித் துறைக்குச் சில்லுகள் கொடுத்தது. 2025 செப்டம்பரில் வெளியிடப்பட்ட ‘விக்ரம்’ 32 பிட் செயலியும் அங்கே உருவானதுதான். கார், மின்கணக்கி, மருத்துவக் கருவி, கைரேகைக் கருவி ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உலகின் மிக நுண்ணிய சில்லு தேவையில்லை. முதிர்ந்த தொழில்நுட்பச் சில்லே போதும். அதைச் செய்யப் பொதுத்துறையால் முடியும்.

ஒரு மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. விலையை அடக்கினால் மட்டும் சில்லு பெருகாது. பங்கீடு என்றால் வரிசை, வரிசை என்றால் சிபாரிசும் முறைகேடும் என்று சந்தைவாதிகள் சொல்வார்கள். ரேஷன் கடையை அறிந்த எவரும் இதை முற்றிலும் மறுக்க மாட்டார்கள். சோசலிச நாடுகளில் நீண்ட வரிசைகள் இருந்ததும் மறைக்க வேண்டிய செய்தியல்ல. ஆனால் ரேஷன் வரிசையின் கடைசியில் நிற்பவருக்கும் அரிசி உண்டு என்ற உரிமை இருக்கிறது. முறைகேட்டை எதிர்த்துக் குரல்கொடுக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. விலையின் வரிசையில் கடைசியில் நிற்பவருக்கு வரிசையே இல்லை. விலைக் கட்டுப்பாடு வந்தால் பொருள் மறைந்துவிடும் என்று 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுக்கு உச்சவரம்பு வைத்தபோதும் அச்சுறுத்தினார்கள். மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. இதய சிகிச்சை நின்றுவிடவில்லை. இறக்குமதியை நம்பியிருக்கும் சில்லுக்கு அதே கருவியை அப்படியே பயன்படுத்த முடியாது என்பதும் உண்மை. சாம்சங்குக்கு டெல்லி விலை நிர்ணயிக்க முடியாது. ஆனால் குறைந்த விலைக் கைபேசிகள் மீதான வரியை டெல்லி நீக்கலாம். பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ஊராட்சிக்கான கருவிகளை மாநிலங்களோடு சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்யலாம். மானியம் பெறும் ஒவ்வொரு ஆலையிடமும் நெருக்கடிக் கால ஒதுக்கீட்டை எழுதி வாங்கலாம். இவற்றில் எதற்கும் புதிய சில்லு தேவையில்லை. கொள்கை முடிவு போதும். தக்காளிக்கும் தோத்தாபுரிக்கும் சட்டப்பூர்வக் கொள்முதல் விலை கேட்கும் விவசாயிகள் சங்கமும், கருவி கேட்கும் அங்கன்வாடிச் சங்கமும், ஆலை நிறுத்தத்துக்குக் கூலி கேட்கும் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கமும் எதிர்கொள்வது ஒரே வாதத்தைத்தான் என்பதைக் கட்சி அணிகள் கிளைக் கூட்டங்களில் விளக்க வேண்டும்.

உடனடிப் பணி ஒன்று காத்திருக்கிறது. ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் இடத்தில் 2025 டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட ‘விபி-ஜி ராம் ஜி’ சட்டம் கருவி வழிப் பதிவை மேலும் இறுக்குகிறது. அச்சட்டத்தையே திரும்பப் பெற வேண்டும் என்பது இடதுசாரிகளின் நிலைபாடு. அதற்கான போராட்டம் தொடரும். அதேவேளை, அதன்கீழ் மாநிலங்கள் தத்தம் திட்டங்களை வகுக்கும்போது மண்டல, ஒன்றிய அலுவலகங்களில் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெற வேண்டும்: வருகை பதியும் கருவியை வாங்கித்தருவது யார்? அது பழுதானால் எத்தனை நாளில் மாற்றுக் கருவி? கருவி வேலைசெய்யாத நாளில், வேலை செய்தவரின் கூலியை எந்தப் பதிவேட்டைக் கொண்டு வழங்குவார்கள்?